தலை ஆடிக்குத் தாய்லாந்து போனேன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கு அதே எஸ்டேட்டில் எனக்குச் சொந்தமாக நான்கு லேத்து ஓடுகிறது. திருமுல்லைவாயிலில் மாடி வீடு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். கரண்ட் ஆபீஸ், வரி ஆபீஸ், பத்திர ஆபீஸ், எங்கே போனாலும் எந்த மேசையில் வேலை நடக்கும், எந்த மேசையில் நடக்காது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். என்னைத் திருப்பி அனுப்பிய ஆபீஸ் ஒன்றுகூட இல்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

அந்த வாயோடுதான் போன வருஷம், ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது தாய்லாந்தில் போய் இறங்கினேன்.

காரணம் என் மகன் கதிர். ஒரே பிள்ளை. டிப்ளமோ படிக்கவைத்தேன். கார் பாகம் செய்கிற கம்பெனி வேலைக்கென்று அந்த நாட்டுக்குப் போனவன், மாலி என்கிற அந்த ஊர்ப் பெண்ணை விரும்பி அங்கேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாதம் அவனோடு நான் பேசவில்லை. பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரி சரோஜா வழியாகச் செய்தி வந்தது. கம்பெனி இருந்தவரை கம்பெனியின் பெயரைச் சொல்லி அங்கே இருந்தான். இனி மனைவியின் பெயரைச் சொல்லித்தான் இருக்க முடியும். அதற்கு ஆபீஸில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வருஷா வருஷம் வாங்க வேண்டும். ஆபீஸ் என்று காதில் விழுந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதோடு அது அவர்களுக்குத் தலை ஆடி. கல்யாணமான முதல் வருஷத்து ஆடியில் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். சீர் செய்ய வேண்டியவர்கள் பெண் வீட்டார். அவர்களுக்கு நம் முறை எப்படித் தெரியும்? அதனால் பெண் வீட்டுச் சீரையும் நானே வாங்கிச் சுமந்துகொண்டு போனேன். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, பெண்ணுக்குப் புடவை, வளையல், மஞ்சள், குங்குமம், இரண்டு டின் அதிரசம், கூழ் ஊற்ற ஐந்து கிலோ கேழ்வரகு மாவு. இப்படி ஒரு சம்பந்தி எந்த நாட்டில் கிடைப்பான்?

விமான நிலைய வாசலில் சரோஜா சொன்னாள்: "யோவ், சீரக் குடுத்தமா, நாலு நாளு புள்ளையோட இருந்தமான்னு வந்துடு. அங்க போயி நாட்டாமை பண்ணிகினு கெடக்காத."

"நான் இன்னாடி நாட்டாமை பண்ணேன்?"

"முப்பத்தஞ்சு வருசமா பாத்துகினுதான கீறேன்."

*

பாங்காக்கில் என் பாஸ்போர்ட்டில் ஒரே தட்டு. சுற்றிப் பார்க்க வந்தவன், இரண்டு மாதம் இருந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். ஏன் வந்தாய், யாரைப் பார்க்க வந்தாய், ஒரு கேள்வி கிடையாது. அந்த ஊரில் பெண்ணெடுத்தவனுக்குத்தான் கேள்வியெல்லாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கதிர் அழைக்க வந்திருந்தான். இளைத்திருந்தான். "வா நைனா" என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு அவ்வளவுதான். நான் நிமிராமல் பெட்டியின் பிடியையே பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டி கனம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அங்கிருந்து வடகிழக்கே பகல் முழுக்க பஸ். ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி குளிர். நடுவில் ஆளுக்கொரு பன் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சு மாதிரி, இனிப்பும் உப்புமாக ஏதோ வைத்திருந்தது. என்னுடையதைத் தின்று மகனுடையதையும் தின்ற பிறகு, "பன்னிக் கறிய பஞ்சு மாதிரி பிச்சி வெப்பாங்க நைனா" என்றான். முதலிலேயே சொல்லியிருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். நன்றாகத்தான் இருந்தது.

கடைசி ஒரு மணி நேரம் பின்னால் இரண்டு பக்கமும் பலகை போட்ட வண்டி. நம் ஆவடி ஷேர் ஆட்டோவேதான், பெட்டி மட்டும் பெரிசு. பத்துப் பேர் இடத்தில் பதினைந்து பேர், ஒரு கூடை கோழி, மூலையில் காவி கட்டிய ஒரு சாமியார். ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்ததில் என் கேழ்வரகு மாவு மூட்டை வாய் பிளந்து கோழி மேலும் ஆள் மேலும் கொட்டியது. நம் ஊராக இருந்தால் ஏழு தலைமுறையை இழுத்திருப்பார்கள். அவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் தன் மடியில் விழுந்த மாவை வழித்து என் பையிலேயே திரும்பப் போட்டாள். கோபத்தைக் காட்டாத ஜனங்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். காட்டாவிட்டால் இல்லை என்று நினைத்தது என் தப்பு.

வீடு ஒரு சின்ன டவுனில். வாடகைக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, பின்னால் அடுப்படி. கூடத்தில் மாலியின் தையல் மிஷின். பள்ளிக்கூடத்துச் சட்டை தைத்துக் கொடுத்து அந்தப் பெண்தான் அப்போது குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். சின்ன உருவம். என்னைப் பார்த்ததும் தரையில் மண்டி போட்டு இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாள். எங்கள் தெருவில் எந்த மருமகளும் மாமனாரை அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. எட்டு மாதக் கோபம் அங்கேயே தீர்ந்துபோனது.

எதிர்வீட்டு வாசலில் ஓர் அம்மாள் வாழைப்பழம் சுட்டு விற்பாள். அவளைக் கூப்பிட்டு என் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கேட்டில் நீலத் தகட்டில் வீட்டு நம்பர். அதுவும் தெரிய வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஊரில் காட்ட வேண்டுமே. இந்தப் பக்கம் கதிர், அந்தப் பக்கம் மாலி, நடுவில் நான், இரண்டு பேர் தோளிலும் கை போட்டு. நல்ல படம்.

*

மறுநாள் காலையில் வீட்டுச் சொந்தக்காரர் வந்து என் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் தன் வீட்டில் தங்கினால் ஒரு நாளைக்குள் அவர் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டுமாம். நம் ஊரில் வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்கு யார் வந்தாலும் சொந்தக்காரன் தண்ணீர் மோட்டாரைப் பற்றித்தான் கவலைப்படுவான்.

அன்றைக்கே கதிருக்கு ஆபீஸ் போகிற நாள். நானும் போனேன். சுத்தமாக இருந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சுத்தமான ஆபீஸில் நமக்குப் பிடி கிடைக்காது. டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். சுற்றிலும் வெள்ளைக்காரப் பெரியவர்கள், பக்கத்தில் அந்த ஊர் மனைவிகள், எல்லார் மடியிலும் ஃபைல். கல்யாணச் சான்று, மனைவியின் வீட்டுப் பதிவுப் புத்தகம், பேங்க் கணக்கு, வீட்டுக்கு வழி காட்டும் கோட்டுப் படம் என்று கதிரும் ஒரு கட்டு வைத்திருந்தான்.

எனக்குப் பக்கத்தில் என் வயது வெள்ளைக்காரர் ஒருவர். அவர் மனைவி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக வருகிறார் என்று கேட்கச் சொன்னேன். கதிர் கேட்டுச் சொன்னான்: "பதினேழு வருஷமா வர்றாராம். இவ என் பொண்டாட்டிதான்னு வருஷத்துக்கு ஒருக்கா வந்து நிரூபிச்சிட்டுப் போறாராம்."

"பதினேழு வருஷத்துல இன்னா கத்துகினாருன்னு கேளு."

"கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்."

வாய் இல்லாத மனுஷன் என்று நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மேசையில் ஒரு பெண் அதிகாரி. காகிதம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, பாஸ்போர்ட்டில் முப்பது நாளுக்கு ஒரு முத்திரை போட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்று அர்த்தம். அவள் சொன்னதைக் கதிர் எனக்குச் சொன்னான்: இந்த முப்பது நாளுக்குள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். புருஷனும் மனைவியும் ஒன்றாகத்தான் குடித்தனம் நடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். வீட்டில் வைத்துப் படம் அவர்களே எடுப்பார்கள். பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்.

இதை நான் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழி கிடையாது.

*

மறுநாள் ஆடி ஒன்று. மாலியின் அம்மா நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்தாள். மூங்கில் கூடையில் பிசினாக ஒட்டுகிற சோறு, சுட்ட மீன், பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி உரலில் இடித்த ஒரு கூட்டு. சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுத் தின்றார்கள். கையால் சாப்பிடுகிற சம்பந்தி கிடைத்ததில் எனக்கு மகா சந்தோஷம். சாப்பிட்டு முடித்துச் சீர்த்தட்டை வைத்தேன். பிறகு சொன்னேன்: "ஆடி முடியற வரைக்கும் பொண்ண அவங்க அம்மா ஊட்டுக்கு அனுப்பிடு."

கதிர் என்னையே பார்த்தான். "நைனா, முப்பது நாளுக்குள்ள எப்ப வேணா வருவாங்க. நேத்துதான சொன்னாங்க."

"வரட்டுமே. நான் ஊட்லயே கீறேன். வந்தா ஒரு போன் போடறேன். நாப்பது கிலோமீட்டர் இன்னா தூரம்? அவ வர்ற வரைக்கும் டீயக் குடுத்து ஒக்கார வெக்க எனக்குத் தெரியாதா? எத்தினி ஆபீசர பாத்தவன் நான்."

"இங்க அதெல்லாம் வேணாம் நைனா."

"கல்யாணம்தான் என்னக் கேக்காம பண்ணிகினே. இந்த ஒரு முறையாவது என் பேச்சக் கேளு."

இந்த ஒரு வார்த்தையில் அவன் அடங்கிவிட்டான். அடங்குவான் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அவன் மாலியிடம் அவர்கள் பாஷையில் சொன்னான். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டு ஏதோ சொன்னாள். "நீ சொன்னா போறேன்னு சொல்றா" என்றான். அவள் அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அதை என்னிடம் சொல்லாமல் கதிர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் விடாமல் கேட்டதும் சொன்னான்: "எங்க பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சின்னு கேக்கறாங்க."

நான் உரக்கச் சிரித்தேன். "தப்பு இல்ல, மரியாதைன்னு சொல்லுடா."

ஒரு மாதம் சும்மா இருந்தால் தையல் வருமானம் போய்விடுமே என்று மிஷினையும் ஏற்றி அனுப்பச் சொன்னவன் நான்தான். அவள் மாமா பின்பக்கம் திறந்த வண்டி கொண்டுவந்தார். மிஷின், துணி மூட்டை இரண்டு, அவள் துணிமணிப் பெட்டி எல்லாவற்றையும் நானே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். நான் போட்ட முடிச்சு கிருஷ்ணகிரி வரைக்கும் அவிழாது. எதிர்வீட்டு அம்மாள் வாழைப்பழத்தைத் திருப்பிப் போட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சரோஜாவிடம் போனில் சொன்னேன். "நாலு நாளு சும்மா இருன்னுதான அனுப்பனேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அப்பனும் மகனும் மட்டும். நான் கூழ் காய்ச்சினேன். மார்க்கெட்டுக்குப் போய்க் கருவாடு தேடினேன். புளிக்கவைத்த மீன் கிடைத்தது, நாற்றம் என்னையே வெளியே தள்ளியது. தெருவில் மெழுகுவர்த்தி ஊர்வலம் போனது. இனி மழைக்காலம் மூன்று மாதம் சாமியார்கள் தங்கள் கோயிலை விட்டு வேறெங்கும் தங்கக் கூடாதாம். அவரவர் இடத்தில் இருக்க வேண்டிய காலம் என்று கதிர் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் ஊர்வலத்தைப் பார்த்தேன்.

தினமும் சாயந்திரம் போனில் மாலியோடு பேசுவான். கதவைச் சாத்திக்கொள்ள மாட்டான். எனக்குத்தான் பாஷை புரியாதே. ஆனாலும் முதல் வாரம் சிரிப்புக் கேட்டது, இரண்டாவது வாரம் கேட்கவில்லை.

*

ஆடிப் பெருக்கு வந்தது. பதினெட்டுக்கு மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகலாம், அது முறை. போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நானும் போகவேண்டியவன். முந்தின நாள் தின்ற பப்பாளிக்காய் வயிற்றைப் புரட்டிவிட்டது, இருந்துவிட்டேன். கதிர் பைக்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்: "வந்தாங்கன்னா ஒடனே போன் பண்ணு நைனா. நீ ஒண்ணும் பேசாத. போன் மட்டும் பண்ணு."

"எனக்கே சொல்லித் தரியா?"

அவன் போய் ஒரு மணி நேரம் இருக்காது, வெள்ளைக் கார் வந்து நின்றது. சீருடையில் ஒரு பெண், ஓர் ஆண். நான் கைலியோடு கூழ்ப் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கும்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் கூழ் கொடுத்தேன். அந்த ஆண் வாங்கி மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார்.

நம் பாஷையில் பேசினால் அவர்கள் பாஷையில் திருப்பிச் சொல்கிற வசதி என் போனில் உண்டு. கதிர்தான் போட்டுக் கொடுத்திருந்தான். அவர்கள் போனைப் பார்த்துப் பேச, அது எழுதிக் காட்டிப் படித்தது: கணவர் எங்கே? மனைவி எங்கே?

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒரே வேலை. கதிரின் நம்பரை அழுத்துவது. போன் என் கையில்தான் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன். எனக்கே தெரிந்த விஷயத்துக்குப் பையன் எதற்கு என்று தோன்றியது. எத்தனையோ ஆபீசர்களைப் பேசியே வழிக்குக் கொண்டுவந்த வாய். இவர்கள் இரண்டே பேர்.

சொன்னேன்: "பொண்ணு அவங்க அம்மா ஊட்ல கீது. பதினெட்டு நாளா அங்கதான் கீது. நான்தான் அனுப்பி வெச்சேன். இவங்க ரெண்டு பேரும் இப்ப சேந்து இருக்கக் கூடாது. நான் சேந்து இருக்க உடவே இல்ல. மிஷின், துணிமணி எல்லாத்தியும் நான்தான் ஏத்தி அனுப்பனேன்."

போன் அதை ஒழுங்காகச் சொல்லிவிட்டது. போன் மேல் தப்பு இல்லை. நான் சொன்னது அதுதானே. அந்தப் பெண் தன் கூட வந்தவரைப் பார்த்தாள். எழுதினாள். ஆடி, சித்திரை, அம்மன் என்று நான் இன்னும் நிறையச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே படுக்கை அறையைப் படம் எடுத்தாள். ஒரு தலையணை. ஆணியில் கதிருடைய சட்டையும் என் வேட்டியும். மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம்.

வெளியே போய் எதிர்வீட்டு அம்மாளைக் கேட்டார்கள். அவள் ரோட்டைக் காட்டினாள். கையால் மிஷின் அளவு காட்டினாள், மூட்டை காட்டினாள், கயிறு இழுத்துக் கட்டுகிற மாதிரி காட்டினாள். அப்புறம் என்னைக் காட்டினாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கார் வரைக்கும் போய் வழி அனுப்பிவைத்துவிட்டுக் கதிருக்குப் போன் போட்டேன். "வந்தாங்கடா. தங்கமான மனுசங்க. கூழ் குடுத்தேன், குடிச்சாங்க. எல்லாம் பேசி அனுப்பிட்டேன்."

"இன்னா பேசன?"

சொன்னேன். அந்தப் பக்கம் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நைனா, போன் மட்டும் பண்ணுன்னு சொன்னனே" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

*

மறுநாள் மாலி, அவள் அம்மா, எதிர்வீட்டு அம்மாள், நான், கதிர் எல்லாரும் ஆபீஸுக்குப் போனோம். மாலியின் மிஷின் முந்தின சாயந்திரமே திரும்பி வந்துவிட்டது. அங்கே இறக்கும்போது நான் போட்ட முடிச்சு அவிழவில்லையாம்; கத்தியால் அறுத்தார்களாம்.

அன்றைக்கு முப்பது நாள் முத்திரை போட்ட அதே பெண் அதிகாரி. எல்லாரையும் உட்காரவைத்தாள். நான் அதிரச டின்னை மேசையில் வைத்தேன். இரண்டு கையாலும், தேன் கூட்டைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக, என் பக்கம் நகர்த்திவைத்தாள். நான் ஆடியைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். கதிர் வரிக்கு வரி சொன்னான். அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் கேட்டாள்: உங்கள் வழக்கப்படி எத்தனை நாள் பிரிந்திருக்க வேண்டும்?

"முப்பத்தொண்ணு நாளு. சில வருசம் முப்பத்திரெண்டு."

நாங்கள் கொடுத்ததே முப்பது நாள்தான் என்றாள். அறிக்கை மேலே போய்விட்டது, அவள் கையில் இல்லை. சிரித்த முகம். நாற்பது வருஷத்தில் எத்தனையோ முறைத்த முகங்களை மடக்கியிருக்கிறேன். சிரித்த முகத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் முடிவு வந்தது. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்வது உறுதிப்படவில்லை. நாட்டை விட்டுப் போக ஏழு நாள்.

அந்த ஏழு நாளில் நான்காவது நாள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது மாலி கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். மூன்றாம் மாதம். நான் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளை பிறக்கிற மாதத்தை விரல் விட்டு எண்ணினேன். மாசி. மறுபடி எண்ணினேன். மாசிதான். நான் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே, ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே ஆகிவிட்டிருக்கிறது. சித்திரைக்குப் பயந்து நான் பிரித்து அனுப்பியது எதையும் தடுக்கவில்லை. அனுமதியை மட்டும் தடுத்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டோடு கதிர் மறுபடி ஆபீஸுக்கு ஓடினான். இந்த விண்ணப்பம் முடிந்துவிட்டது, உங்கள் நாட்டுக்குப் போய்ப் புதிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

புறப்படுகிற அன்று எதிர்வீட்டு அம்மாள் சுட்ட வாழைப்பழம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு அழுதாள். கதிர் சொன்னான்: "பாத்தத்தான் சொன்னேன், பொய் சொல்லத் தெரியலன்னு சொல்றாங்க." மாலி எனக்கு மண்டி போட்டுக் கும்பிட்டாள், முதல் நாள் மாதிரியே. அவள் அம்மா வாசலுக்கு வரவில்லை.

விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தவன் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கிறதே, அதற்குள் போகிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கதிர் அதை எனக்குச் சொன்னான். வழி நெடுக அவன் சொன்னது அது ஒன்றுதான்.

*

இப்போது அவன் அம்பத்தூரில் என் பட்டறையில் மூன்றாவது லேத்தில் நிற்கிறான். நல்ல கை. என்னைவிட நல்ல கை என்று வேறு யாரையும் நான் சொன்னதில்லை. ஷாஃப்ட் எத்தனை, எப்போது வேண்டும், இவ்வளவுதான் பேச்சு. சரோஜா எங்கள் இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போடுகிறாள்.

மாலியை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். கதிர் போனில் அங்கே கேட்டான். அவள் அம்மா சொன்ன பதில்: உன் அப்பா எங்கள் பெண்ணை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார், வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மாசியில் பெண் குழந்தை. போனில் பார்த்தோம். பட்டறை இரைச்சலில் அழுகை கேட்கவில்லை. கதிர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தான். நான்கு லேத்தும் நின்றது. அப்போது கேட்டது.

என்னைப் போல் சுற்றிப் பார்க்க என்று போய் இறங்கினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கதிருக்குப் பயம். புது விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ஒரு தடவை பேங்க் காகிதம் பழசு என்று. இரண்டாவது தடவை படம் இல்லை என்று. கல்யாணப் படம் இருக்கிறது, அது போதாதாம். முன்பு ஒரு தடவை சேர்ந்து வாழவில்லை என்று எழுதியிருப்பதால், புருஷனும் மனைவியும் வீட்டில் ஒன்றாக நிற்கிற படம், வீட்டு நம்பர் தெரிய வேண்டுமாம். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து இருந்த நாளே கொஞ்சம். ஆபீஸ்காரர்களே எடுப்பார்கள் என்று அவர்களும் எடுத்து வைக்கவில்லை.

நீலத் தகடு தெரிகிற படம் என் போனில் மட்டும்தான் இருக்கிறது. நேற்று கதிரைக் கூட்டிக்கொண்டு ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஸ்டீபனிடம் போனேன். எனக்குத் தெரிந்த பையன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

"நம்பர் பளிச்சினு கீது அண்ணாத்தே. ஆனா நடுவுல நீங்க கீறீங்களே."

"என்ன எடுத்துடு" என்றேன்.

இந்தப் பக்கம் இழுத்தான், அந்தப் பக்கம் இழுத்தான். "எடுத்தா இவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு துண்டா பூடுவாங்க. ஒட்டுனா போலின்னு கண்டுபுடிச்சிடுவான்."

"எப்டியாவது எடுத்துடுப்பா."

"ஒடம்ப அழிச்சாலும் கை ரெண்டும் அவங்க தோள் மேல கீதே அண்ணாத்தே. அத இன்னா பண்றது?"

கதிர் என் போனை மெதுவாக என் சட்டைப் பையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.